டிராகன் பழம்: 500 கம்பம் நட்டால் 10 லட்சமா?

2024 பிப்ரவரி 11, இரவு 9.15 (இணைய இழையில் ஒரு வாசகரின் கேள்வி; கீழே உள்ளவை ஒருவரே எழுதிய பதில்கள்)

நேற்று டிராகன் ஆண்டு பிறந்தது. இங்கே சிங்கப்பூரில், என் அடுக்குமாடி புளோக்கில் எந்தச் சீனர் வீட்டு வாசலைக் கடந்தாலும் சாமி மேசையில் டிராகன் பழம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரில், தர்மபுரிப் பக்கம், எனக்கு 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஒரு வீடியோவில் கணக்குச் சொன்னார்கள். ஏக்கருக்கு 500 கம்பம், கம்பத்துக்கு 20 கிலோ, மொத்தம் 10 டன். கிலோ 100 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 10 லட்சம். கள்ளிச் செடிதானே, தண்ணீரும் அதிகம் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்கிறார்கள். இங்கே வேலையை விடாமலே செய்யலாம் போலிருக்கிறது. அல்லது கிராஞ்சிப் பக்கம் சின்னதாக நிலம் எடுத்து இங்கேயே போடலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 11, இரவு 11.50

வளர்த்தவன் சொல்கிறேன். என் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஆறு வருஷமாக மூன்று செடி வைத்திருக்கிறேன். ஊரில் பாலக்கோட்டுப் பக்கம் மச்சான் அரை ஏக்கர் போட்டிருக்கிறார். என் அனுபவம் இவ்வளவுதான்.

பெருக்கலில் தப்பில்லை. பெருக்கிய எண்கள்தான் தப்பு. கம்பத்துக்குக் கம்பம் 10 அடி விட்டு நட்டால் ஏக்கருக்கு 450 கம்பம்கூடச் சரியாக வராது. கம்பத்துக்கு நாலு கன்று. முதல் வருஷம் ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் வருஷம் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்கிற அளவு. மூன்றாம் வருஷத்துக்குப் பிறகுதான் விளைச்சல் என்று சொல்லலாம். 20 கிலோ என்பது நன்றாக வேர் பிடித்து, மேலே குடைபோலத் தொங்கும் வளர்ந்த கம்பத்தின் கணக்கு. அதை முதல் நாளிலிருந்தே எழுதினால் மனசுக்கு இனிப்பாகத்தான் இருக்கும்.

செலவு? மச்சான் 2020இல் போட்டார். கம்பம், மேல் வளையம், நாலு கன்று, குழிவெட்டும் கூலி, தொழு உரம், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் சேர்த்துக் கம்பத்துக்கு 1,000 ரூபாயைத் தாண்டியது. ஒரு பழம் விற்பதற்கு முன்பே போட வேண்டிய பணம் இது.

கிலோ 100 ரூபாய் என்கிறீர்களே, அது எந்த மாதத்து விலை, யார் வாசலில் கிடைக்கும் விலை? நம் ஊரில் இந்தச் செடி வெயில் காலம் முடிகிறபோது பூக்கத் தொடங்கி ஐப்பசி வரைக்கும் காய்க்கும். எல்லார் தோட்டத்திலும் அதே மாதங்கள்தான்.

2024 பிப்ரவரி 12, காலை 10.05

இன்றும் விடுமுறை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதை நேற்று விட்டுவிட்டேன்.

இது பாலைவனக் கள்ளி இல்லை. மெக்சிகோவின் தென்பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரங்களில் தொற்றி ஏறும் கொடிக் கள்ளி. தண்டிலிருந்தே வேர் விட்டு மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கம்பம் கேட்கிறது. மரத்து நிழல் கொஞ்சமும் இலைமக்கு நிறையவும் பழகிய செடி. சித்திரை வெயிலில் பாலக்கோட்டில் தண்டு மஞ்சளாக வெந்துபோகிறது. மச்சான் இப்போது மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுகிறார். அது வீடியோ கணக்கில் இருந்ததா?

இங்கே பிரச்சினை நேர் எதிர். சிங்கப்பூரில் வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வேர் மேலாகவே ஓடும், ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலும் அழுக ஆரம்பிக்கும். என் முதல் செடி அப்படித்தான் போனது. இரண்டாவது முறை மண்ணை ஒரு அடி உயர்த்தி, உடைத்த செங்கல்லும் மணலும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டேன். அப்புறம்தான் நிலைத்தது.

2024 பிப்ரவரி 12, மதியம் 2.30

நோயைப் பற்றிக் கேட்டவருக்கு. தண்டில் முதலில் சின்னச் சின்னக் குழிவான புள்ளிகள், ஆரஞ்சு நிறத்தில் வரும். அம்மை போட்டதுபோல இருக்கும். அப்புறம் பழுப்பாகிச் சொரசொரப்பாகி, மழை விடாமல் பெய்தால் அழுகி ஓட்டை விழும். நியோசைட்டலிடியம் டிமிடியேட்டம் என்ற பூஞ்சை. மலேசியாவில் எத்தனையோ தோட்டங்களை இது படுக்க வைத்தது, வியட்நாமையும் விடவில்லை. குளுவாங் பக்கம் ஒரு காலத்தில் டிராகன் பழம் போட்டிருந்த ஒரு பெரியவர், “தம்பி, செடியை நட எனக்கு ஆறு மாசம் ஆச்சு, வெட்டி எரிக்க ரெண்டு வாரம் ஆச்சு” என்றார். இப்போது அங்கே எண்ணெய்ப்பனை நிற்கிறது.

எனக்கும் வந்தது. ஒரு செடியில் வந்ததை வெட்டினேன். அதே கத்தியால் அடுத்த செடியின் காய்ந்த தண்டையும் வெட்டினேன். மூன்று வாரத்தில் அதிலும் புள்ளி. கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், வெட்டியதைத் தோட்டத்தில் போடக் கூடாது, மழை நாளில் வெட்டவே கூடாது. மூன்றையும் அந்த ஒரு மாதத்தில் கற்றேன்.

2024 பிப்ரவரி 14

டயர் வளையம் பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் கம்பத்தின் தலையில் பழைய மோட்டார் சைக்கிள் டயரை மாட்டுவார்கள். செலவு குறைவு, தண்டு அதன்மேல் மடிந்து தொங்கும். இங்கே அதைச் செய்யாதீர்கள். டயருக்குள் மழைத் தண்ணீர் நிற்கும், ஒரு வாரம் போதும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வந்துவிடும். டயர் மாட்டியே ஆக வேண்டும் என்றால் அடியில் நாலு இடத்தில் பெரிய ஓட்டை போடுங்கள். நான் கழற்றிவிட்டு மரச்சட்டம் அடித்தேன். தோட்டத்தில் இருக்கும் மலாய் மாமா ஒருவர்தான் முதலில் சொன்னார், அவர் பேரனுக்கு அந்த வருஷம் டெங்கி வந்திருந்தது.

வராந்தாவில் தொட்டியில் வைக்கலாமா என்றும் ஒரு கேள்வி. வைக்கலாம். ஆனால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்புக்காக வைத்திருக்கும் விதி. இந்தச் செடி கை நீட்டி நீட்டி வளரும், முள்ளும் உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டியின் சேலையில் மாட்டினால் நல்லதில்லை.

2024 பிப்ரவரி 25, நள்ளிரவு 12.40

இப்போதுதான் கீழேயிருந்து வந்தேன். இன்று மூன்று பூ.

இதை விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. மொட்டு கண்ணில் பட்டதிலிருந்து எனக்கு இருபது நாள் வாக்கில் பூக்கிறது. அந்த ஒரு சாயங்காலம் மொட்டு தளர்ந்து, இருட்டிய பிறகு விரிய ஆரம்பித்து, பத்து மணிக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கும். மணம் லிஃப்ட் வாசல் வரை வருகிறது. காலை வெயில் ஏறினால் தொங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ராத்திரி.

என் செடிகள் மூன்றும் சிவப்புச் சதை ரகம். மூன்றும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய தண்டுகள். முதல் இரண்டு வருஷம் பூத்தது, பூத்தது, எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. உரக் குறை என்று நினைத்து எரு எருவாகக் கொட்டினேன். காரணம் உரமே இல்லை. சிவப்பில் பல ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஒத்துவராது. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். மூன்று செடி இருந்தாலும் ஒரே தாயின் தண்டு என்றால் அது ஒரே செடிதான். வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தானே காய்க்கும், அதன் மகரந்தம் சிவப்புக்கும் உதவும். மலாய் மாமாவின் செடி வெள்ளை. அவர் பூவில் தூரிகையால் தடவி, என் பூவின் நடுவில் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும் சூல்முடியில் பூசினேன். நாலு நாளில் பூவின் அடி பச்சையாகவே நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

இன்றைக்குப் பதினொரு மணிக்குத் தூறல். மகரந்தம் நனைந்தால் வீண். ஒரு கையில் குடை, ஒரு கையில் தூரிகை. நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் நின்று டார்ச் பிடித்தார்.

அப்போது ஒன்பதாம் மாடிச் சீன ஆன்ட்டி வந்தார், காலையில் பூவைத் தருவாயா என்று. சூப்புக்காம். இதே பூவைக் காயவைத்து ‘பா வாங் ஹுவா’ என்று சீன மருந்துக் கடைகளில் விற்கிறார்கள், எலும்போடு போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். காலையில் இதழ்களை மட்டும் பக்குவமாகக் கிள்ளிக் கொடுத்தால் காய்க்கு ஒன்றும் ஆகாது. ஈர இதழ் காயின் நுனியில் ஒட்டி அழுகாமல் இருப்பதும் நல்லதே.

2024 பிப்ரவரி 26

சேர்க்க மறந்தது. எறும்பு. மொட்டின் ஓரத்தில் தேன்போல் கசியும், அதற்கு எறும்பு வரும், எறும்போடு மாவுப்பூச்சியும் வந்துவிடும். நான் வேப்பெண்ணெய் அடிக்கிறேன், பூக்கிற வாரத்தில் மட்டும் நிறுத்திவிடுவேன்.

2024 மார்ச் 3

விளக்கு பற்றி. வியட்நாமில் பின் துவான் பகுதியில், ஃபான் தியெட் ஊரைச் சுற்றி, இரவில் பஸ்ஸில் போனால் வயல் முழுக்க மின்விளக்கு. ஏதோ நகரம் வருகிறது என்று நினைத்தேன். கிட்டே போனால் கம்பத்துக்குக் கம்பம் பல்பு. இந்தச் செடி பகல் நீளமான நாட்களில் பூக்கும் வகை. குளிர்காலத்தில் பகல் சுருங்கியதும் அவர்கள் இரவில் விளக்குப் போட்டு, பகல் இன்னும் முடியவில்லை என்று செடிக்குக் காட்டுகிறார்கள். பருவம் இல்லாத பருவத்தில் காய்த்தால்தான் விலை. சீனப் புத்தாண்டு மேசையில் தம்பி பார்த்த பழங்களில் பல அப்படி விளக்கில் பூத்தவையாகவே இருக்கும்.

இங்கே வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். என் மூன்று செடிகளில் விளக்குக் கம்பத்தின் அடியில் இருப்பதுதான் அதிகம் பூக்கிறது. விளக்குத்தான் காரணம்.

2024 மார்ச் 24

மேலே கடைசியாக எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். அந்த விளக்குக் கம்பம் போன மாதம் மூன்று வாரம் எரியவில்லை. ஆனாலும் அதே செடிதான் முதலில் மொட்டு விட்டது. உட்கார்ந்து பார்த்தேன். அது சுவரோரம் இருக்கிறது, மாடித் தளம் மழையைப் பாதி மறைக்கிறது. பிப்ரவரியில் மழை குறைந்தபோது அதன் மண்தான் முதலில் காய்ந்தது. மண் கொஞ்சம் காய்ந்து, அப்புறம் ஒரு நல்ல தண்ணீர், உடனே மொட்டு. வியட்நாமில் விளக்கு வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. என் செடிக்கு விளக்கு என்று நான் சொன்னது அவசரம்.

2024 ஏப்ரல் 7

கிராஞ்சி நிலம் பற்றி இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. சிங்கப்பூரில் விவசாயத்துக்கு இருப்பது மொத்த நிலத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பாலும் லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கம்தான். சின்னதாக ஒரு துண்டு எடுக்கலாம் என்பது நடக்காது. டெண்டர், 20 வருஷக் குத்தகை, எவ்வளவு விளைவிப்பாய் என்ற திட்டம் எல்லாம் உண்டு. 2019இல் அறிவித்த ‘30க்குள் 30’ இலக்கும் (2030க்குள் நாட்டின் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது) கீரை, முட்டை, மீனைத்தான் கண்ணில் வைத்திருந்தது. ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும் கீரையை அடுக்கடுக்காக வைக்கலாம். ஒரு கம்பத்துக்கு 9 சதுர மீட்டர் கேட்கிற செடியை எங்கே அடுக்குவது?

ஒரு சின்னக் கணக்கு. தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். திட்டம் வந்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் ஒரு கம்பம் வைக்கலாம். என் செடிகளில் நன்றாகக் காய்த்த வருஷத்தில் ஒன்றிலிருந்து 30 பழம், சராசரி 400 கிராம், ஆக 12 கிலோ. கிலோ 5 வெள்ளி என்று போட்டாலும் 60 வெள்ளி. வாடகை போக மிச்சம் 3 வெள்ளி. விற்பதற்காக இல்லை, நிலத்தின் விலை புரிவதற்காகச் சொல்கிறேன். ஜோகூரிலிருந்து காலையில் கிளம்பும் லாரி பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு வந்துவிடுகிறது. அதோடு போட்டி போட முடியாது.

2024 ஏப்ரல் 8

ருசியில் போட்டி போடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது உண்மைதான், நானே எழுதியிருக்க வேண்டும். மாம்பழம்போல் இது பறித்த பிறகு பழுக்காது. பறித்த அன்று என்ன இனிப்போ அதுதான் கடைசி வரை. தொலைதூரம் போகிற பழத்தைச் செதில்கள் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். கடையில் வாங்கும் பழம் சப்பென்று இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். நான் பூத்து 33, 34 நாள் வரை விடுகிறேன், அடித்தொப்புள் லேசாக விரியப் பார்க்கும்போது பறிக்கிறேன். தேக்கா சந்தையில் வாங்கியதையும் இதையும் பக்கத்தில் வைத்து மகளுக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே பழமா என்று கேட்டாள்.

2024 ஏப்ரல் 21

பெயர் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. மலாயில் புவா நாகா, சீனத்தில் ஹுவோ லோங் குவோ, வியட்நாமில் தான் லோங். குஜராத் அரசு 2021இல் தாமரை மாதிரி இருக்கிறது என்று ‘கமலம்’ எனப் பெயர் வைத்தது. என் அம்மா ‘சீமைச் சப்பாத்திக்கள்ளி’ என்கிறார். சின்ன வயதில் காட்டோரம் சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று நாக்குச் சிவந்தவர்களுக்கு அந்தப் பெயர்தான் சரியாகப் படும்.

நாக்கு மட்டுமில்லை. அப்பா இங்கே வந்திருந்தபோது சிவப்புப் பழம் ஒன்றரை சாப்பிட்டார். மறுநாள் காலை கழிவறையிலிருந்து வெளியே வந்து சட்டை மாட்டிக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு” என்றார். முகம் வெளிறியிருந்தது. பீட்ரூட்டில் இருக்கிற அதே வகைச் சாயம்தான் இது, சிறுநீரிலும் மலத்திலும் வரும். முதன்முதலாகப் பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டேன், இன்னும் வருத்தம் இருக்கிறது.

2024 ஜூன் 2

நேற்று ஊருக்குப் பேசினேன். பாலக்கோட்டில் இந்தப் பருவத்தின் முதல் காய்ப்பு எடுத்திருக்கிறார்கள். வியாபாரி தோட்டத்துக்கே வந்து சொன்ன விலை தம்பியின் கணக்கில் பாதி. அரைக்கிலோவுக்கு மேல் இருக்கும் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னதை ஒதுக்கிவிட்டார். ஒதுக்கியதை ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மேசை போட்டு விற்றார்கள், அதற்கு நல்ல விலை கிடைத்ததாம். காரில் போகிறவர்கள் வெட்டிக் கொடுத்தால் நின்று தின்றுவிட்டு ஒரு பை வாங்கிப் போகிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த இழை முழுக்க ‘மச்சான் தோட்டம்’ என்றே எழுதி வந்திருக்கிறேன். நேற்றுப் பேசும்போது ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று மச்சானைக் கேட்டேன். “நான் ஒம்பதுக்கே படுத்துட்டேன், உங்க தங்கச்சி ரெண்டு மணிக்கு வந்தா” என்றார். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பூ பூவாக மகரந்தம் தொட்டு வைப்பது அவள். காலையில் தேனீ வரும், காய் பிடிக்கும்தான், ஆனால் கையால் தொட்டால் பழம் பெரிதாகிறது என்று அவளே இரண்டு வரிசையைத் தொட்டும் இரண்டு வரிசையைத் தொடாமலும் விட்டுப் பார்த்திருக்கிறாள். வியாபாரி எடுத்துப் போன அரைக்கிலோப் பழங்கள் பெரும்பாலும் தொட்ட வரிசைகளில் வந்தவை. புள்ளி விழுந்த தண்டை வெட்டுவது, ரோட்டில் மேசை போட்டது, கணக்கு நோட்டு எல்லாம் அவள். மச்சான் கம்பம் நட்டார், தண்ணீர் விடுகிறார், பாவம் அவரும் உழைக்கிறார். ஆனால் தோட்டம் அவளுடையது. மேலே எழுதிய இடத்தில் எல்லாம் ‘தங்கச்சி தோட்டம்’ என்று மாற்றிப் படியுங்கள்.

ஆளே வேண்டாம் என்ற வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். “பாத்தேன்ணா” என்று மட்டும் பதில் வந்தது.

2024 ஜூன் 9

தம்பி, உங்கள் பதில் படித்தேன். நான் முதலில் வேண்டாம் என்றே சொல்ல நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லவில்லை. 500 வேண்டாம், 20 கம்பம் போடுங்கள். சிவப்பு நாலு கம்பத்துக்கு வெள்ளை ஒன்று கலந்து. கன்று வாங்கும்போது எந்தத் தாய்ச்செடி, புள்ளி உண்டா என்று நேரில் பார்த்து வாங்குங்கள். அப்புறம், அண்ணி பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணியிடம் கேட்டீர்களா? பூக்கிற மாதங்களில் ராத்திரி தோட்டத்துக்குப் போக வேண்டும், பாம்பு உண்டு, விளக்கு வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அவருக்கு என்ன பங்கு என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள். என் தங்கச்சியோடு அதைப் பேச எனக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்த அரை ஏக்கருக்குப் பாதிப் பணம் நான் போட்டது, போன வாரம்தான் என் பங்கை அவள் பெயருக்கு விட்டேன்.

2024 ஜூன் 9, சற்று நேரம் கழித்து

இங்கிருந்து நான் தண்டு தருகிறேன் என்று முன்பு தனிச்செய்தியில் சொன்னேனே, அதை மறந்துவிடுங்கள். செடி, தண்டு எதையும் அனுமதிப் பத்திரமும் நோயில்லாச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. என் செடியில் அந்தப் பூஞ்சை வந்து போயிருக்கிறது. வெளியே தெரியாமல் உள்ளே இருந்தால் உங்கள் ஊர் முழுக்கப் பரவும். ஊருக்குப் போகும்போது பாலக்கோட்டில் இறங்குங்கள். தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், வெள்ளை ரகத் தண்டு ஒரு கட்டு எடுத்து வைப்பாள். காசு கொடுத்து வாங்குங்கள், வேண்டாம் என்பாள், விடாதீர்கள்.

2024 ஜூன் 15, இரவு 10.20

இன்று ஐந்து மொட்டு தளர்ந்திருக்கிறது. கிழக்கே மின்னுகிறது. மலாய் மாமாவுக்கு முட்டிவலி, அவர் பூவையும் நானே தொட வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன், கேள்விகளுக்கு நாளை பதில்.